அப்பா கிணற்றுக்கு நடந்த தூரம்

போன வருடம் பங்குனியில் அப்பாவோடு வெள்ளியங்கிரி ஏறினேன். பூண்டியில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்குக் கிளம்பினோம். இருபது வருடத்துக்கு மேல் ஏழு மலையும் ஏறி இறங்கிய மனுஷன். என்னை முதல்முறை கூட்டிப்போனபோது எனக்குப் பத்து வயது. இறங்கும்போது காலில் பிடித்துக்கொண்டது என்று அழுத என்னை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அதே ஆள் இந்த முறை இரண்டாவது மலை முடிவதற்குள் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. "நீ போய்ட்டு வா கண்ணு… நா இங்கயே இருக்கறன்" என்றார். அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்வதற்கே நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

நான் போகவில்லை. மலையேறும் வழியில் நெஞ்சுவலி வந்தும் மூச்சுத் திணறியும் இறந்தவர்களின் செய்தியை ஒவ்வொரு பருவத்திலும் பேப்பரில் படிக்கிற ஊர்க்காரன் நான். விடிகிறவரை அங்கேயே இருந்துவிட்டு, மெதுவாகக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன்.

இருதயத்தில் பெரிய சிக்கல் இல்லை என்றார் மருத்துவர். சர்க்கரை மட்டும் எல்லையைத் தாண்டியிருந்தது. வயது 64, எடை 86 கிலோ. "தினமும் அரைமணி நேரம் வாக்கிங் போங்க. எட்டு கிலோ குறைங்க." வெளியே வந்து காரில் ஏறியதும் அப்பா சொன்னார்: "தோட்டக்காரனப் போயி நடக்கச் சொல்றாரு பாரு."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து மோட்டாரைப் போட்டார். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. அந்த மொபைல் ஸ்டார்டரை மாட்டிக்கொடுத்தவன் நான். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, அப்பா வெயிலில் அலைகிறாரே என்று பாசத்தோடு செய்த காரியம் அது. சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. போன் அடித்தால் மோட்டார் ஓடும், திரும்ப அடித்தால் நிற்கும். சாளையிலிருந்து கிணறு 400 மீட்டர். போய்வர 800. ஒரு நாளைக்கு நாலு தடவை என்று வைத்தாலும் 3.2 கிலோமீட்டர். அப்பாவின் வாக்கிங்கை ஒரு மிஸ்டு காலில் முடித்து வைத்திருந்தேன்.

*

அதன்பிறகு ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. உடற்பயிற்சி என்பது எப்போது ஒரு தனி வேலையாக ஆனது? என் அப்பாருக்கு அப்படி ஒரு வார்த்தையே தேவைப்பட்டிருக்காது. அப்பாருக்கும் எனக்கும் நடுவில் என்ன நடந்தது?

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் அப்பாருடைய காலம் கவலை ஓட்டிய காலம். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். எருதுகள் அதில் இறங்க இறங்க, கயிற்றின் மறுமுனையில் சால் தண்ணீரோடு மேலே வரும். ஓட்டுகிறவர் இறங்கும்போது கயிற்றின்மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பார். எருதுகளோடு திரும்ப மேட்டுக்கு ஏறுவார். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறுகிறவரை இதேதான். மடை மாற்றுவதற்கு மம்பட்டியோடு இன்னொருவர் வயலில் நிற்க வேண்டும்.

இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எருதுகளின் கழுத்தில் ஆறாத புண் இருக்கும். சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்ததும், பல தோட்டங்களில் பண்ணையாளாக நின்று கவலை ஓட்டியதும் அருந்ததியர்கள். அவர்களுடைய வியர்வையை யாரும் உடற்பயிற்சி என்று பாராட்டவில்லை. கூலியும் சரியாகக் கொடுக்கவில்லை. மோட்டார் வந்தபோது ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் நியாயம் இருக்கிறது.

மோட்டார் வந்த கதை கோவையின் கதையேதான். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். அடுத்தடுத்த பத்தாண்டுகளில் பம்ப்செட் என்றாலே கோயமுத்தூர் என்றானது. 1955-ல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டினார். இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கும் கோவை வெட் கிரைண்டரின் தொடக்கம் அதுதான். ஆண்களைக் கிணற்றடியிலிருந்தும் பெண்களை ஆட்டுக்கல்லிலிருந்தும் விடுவிக்கும் இயந்திரங்களை ஒரே ஊர் செய்திருக்கிறது. வியர்வையைக் குறைப்பதற்காகவே வியர்வை சிந்திய ஊர் என்று சொல்லலாம்.

எங்கள் தோட்டத்தில் இது மூன்று கழித்தல் கணக்காக நடந்தது. அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோதே மோட்டார் வந்து கவலையை எடுத்துவிட்டது. மிச்சம் இருந்தது மம்பட்டி. வெங்காயத்துக்கும் மஞ்சளுக்கும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டியே அப்பா ஐம்பது வயதைத் தொட்டார். அப்புறம் வெங்காயம் போய்ப் பாக்கும் தென்னையும் வந்தன, கூடவே சொட்டுநீர்க் குழாய் வந்து மம்பட்டியை எடுத்துக்கொண்டது. கடைசியாக மிஞ்சியிருந்த கிணற்று நடையை எடுத்தவன் நான். மூன்று முறையும் உழைப்புதான் கழிந்தது. தட்டில் விழுகிற சோறு குறையவில்லை. களியும் கம்பஞ்சோறும் இருந்த இடத்தில் மூன்று வேளை அரிசி.

*

உடம்பிலிருந்து உழைப்பைக் கழித்தால் என்ன ஆகும் என்பதை முதன்முதலில் கணக்கெடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1949-ல் தொடங்கி லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரை ஆராய்ந்தார். மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் போட ஒரு ஷிப்டில் 500-லிருந்து 750 படி ஏறுகிறார். ஒரே நிறுவனம், ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே சமூக நிலை. ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்தி வந்தது, பிழைத்தவர்களும் அதிகம். 1953-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. ஒருவேளை குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ என்ற சந்தேகம் எழுந்தது. மாரிஸ் நேராக யூனிபார்ம் கணக்கைக் கேட்டு வாங்கினார்! பேண்ட்டின் இடுப்பளவை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் வித்தியாசம் முழுவதையும் இடுப்பளவை வைத்து விளக்க முடியவில்லை. படிக்கட்டுக்கும் அதில் பங்கு இருந்தது.

என் அப்பா கண்டக்டராக இருந்து டிரைவராக மாறியவர். நான் பிறவி டிரைவர். பன்னிரண்டு வருடமாக நாற்காலியில்தான் சம்பளம்.

உழைப்பு இருந்த காலத்திலும் சிலர் தனியாகப் பயிற்சி செய்யத்தான் செய்தார்கள். 1904-05-ல் யூஜின் சாண்டோ என்ற பயில்வான் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபின், தசை வளர்த்த இளைஞர்கள் பலருடைய பெயருக்கு முன்னால் 'சாண்டோ' ஒட்டிக்கொண்டது. நமக்குத் தெரிந்த சாண்டோ சின்னப்பா தேவர் கோவைக்காரர். மில்லில் வேலை பார்த்தவர். நண்பர்களோடு சேர்ந்து வீரமாருதி தேகப்பயிற்சி சாலை நடத்தியவர். தேகப்பயிற்சி சாலை என்றாலே மனதில் வருவது இளைஞர்கள்தான். கல்யாணம், பிள்ளைகுட்டி என்று ஆனபின் கர்லாக்கட்டையைப் பரணில் போட்டுவிடுவார்கள். வயதானவருக்கும் பயிற்சி உண்டு என்ற எண்ணம் அதில் பெரும்பாலும் இல்லை.

அந்த எண்ணத்தை இந்த ஊரில் உடைத்துக் காட்டியவர் நானம்மாள். பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் பிறந்து, கோவை கணபதியில் வாழ்ந்தவர். சிறுவயதில் வீட்டுப் பெரியவர்களிடம் கற்ற ஆசனங்களைத் தொண்ணூறு வயதுக்குப் பின்னும் செய்தார், சொல்லிக்கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ, 2019 அக்டோபரில் 99 வயதில் மறைவு. பத்து வருடம் முன்னால் அதே அக்டோபரில் லண்டனில் மறைந்த மாரிஸுக்கும் வயது 99. இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டு நீண்ட ஆயுளுக்குச் சூத்திரம் சொல்ல வரவில்லை. இருவருக்கும் பயிற்சி என்பது கடைசிவரை அன்றாடத்தின் பகுதியாக இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

*

அப்பாவின் அன்றாடத்தில் அதை எங்கே நுழைப்பது? இதுதான் உண்மையான சிக்கல். 64 வயது என்றால் ஓய்வு என்று நினைப்பது சம்பளக்காரர்களின் கற்பனை. காலை ஐந்தரைக்குப் பால் கறந்து ஆறரைக்கு சொசைட்டி. மூன்று பேஸ் கரண்ட் வருகிற நேரம்தான் தண்ணீர் நேரம். பாக்கு வியாபாரி, வாரத்துக்கு இரண்டு கல்யாணம், ஒரு இழவு, பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றுவது.

ஆனாலும் ஷூ வாங்கிக்கொடுத்தேன். முதல் நாள் நரசீபுரம் ரோட்டில் நடந்தபோது பைக்கில் வந்த மூன்று பேர் நிறுத்தி, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா? ஏறுங்க" என்றிருக்கிறார்கள். மூன்றாவது ஆளிடம் விளக்கம் சொல்லக் கூச்சப்பட்டு ஏறி வந்துவிட்டார். விடிவதற்கு முன்னால் நடக்கலாம் என்றால் யானை. மலையடிவாரத்தில் அது ஜோக் அல்ல. பத்து நாளில் ஷூ கட்டிலுக்கு அடியில் போனது. எடை பார்க்கும் மிஷின் மட்டும் வெளியே இருந்தது. தினமும் காலையில் ஏறி நிற்பார், "கொறையவே இல்ல" என்று இறங்குவார். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு விட்டுப்போனது.

அப்போதுதான் சென்னை ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர், மூன்று ஆண்டுகள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதத்தினருக்கு மட்டும். என்னை நிறுத்திய விஷயம் வேறு: பலன் கிடைத்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. முள் நகராமலேயே உள்ளே ஏதோ சரியாகியிருக்கிறது. எடை குறைவது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், நடந்ததற்குக் கிடைத்த பலன் கண்ணில் படாமலே போய்விடும்.

பத்தாயிரம் அடி கணக்கின் பூர்வீகமும் வேடிக்கையானது. 1965-ல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடியெண்ணிக் கருவிக்கு வைத்த பெயர் அது: 'மான்போ-கே', பத்தாயிரம் அடி மானி. ஐ-மின் லீ 2019-ல் வெளியிட்ட ஆய்வு, சராசரி 72 வயதான அமெரிக்கப் பெண்களைப் பற்றியது. அதில் நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. 4,400 அடி என்பது அப்பாவுக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். கிணற்றுக்கு நாலு தடவை போய்வருகிற தூரம். நான் அவரிடமிருந்து எடுத்தது கிட்டத்தட்ட அதே கணக்கு.

அன்றைக்கே ஓர் ஒப்பந்தம் போட்டோம். ராத்திரி கரண்ட்டுக்கு போன். பகலில் கிணற்றடிக்குப் போய் ஸ்டார்டர் பொத்தானை அமுக்குவது. அமுக்குவதற்கு முன்னால் தொட்டித் திட்டில் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். இதற்கும் ஒரு சாட்சி வைத்திருந்தேன். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. "தொண்ணூறுலயா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார்.

ஒரு வருடம் ஆகிறது. எடை 83. "மூணு கிலோதான்" என்று இன்னும் குறைபட்டுக்கொள்கிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறது, மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது. இந்தப் பங்குனியில் மருத்துவரைக் கேட்டுவிட்டு முதல் மலை மட்டும் ஏறினார். இடையில் நின்றார், ஆனால் பேசிக்கொண்டே நின்றார்.

இதற்கு நடுவில் நான் இன்னொரு காரியம் செய்யப் பார்த்தேன். தோப்பில் ஆறு கேட் வால்வு இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறக்க வேண்டும். அதையும் தானாக இயங்க வைக்க ஆறு சோலனாய்டு வால்வு வாங்கி, கோடும் எழுதி வைத்திருந்தேன். பழக்க தோஷம். பெட்டியைப் பிரித்துக் காட்டியதும் அப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் இதுவே பாத்துக்குமா?"

"ஆமாங்ப்பா. நீங்க வரவே வேண்டியதில்ல."

"அப்பறம் நா எதுக்குக் கண்ணு தோட்டத்துக்குப் போறது?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. பதினோரு மணிக்கு வால்வு மாற்ற அவர் கிளம்பும்போது எனக்கு ஸ்டாண்டப் மீட்டிங். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நானும் அவர் பின்னால் நடக்கிறேன்.