இரண்டு ரூபாய் பூட்ஸ்: ஹைதராபாத் கால்பந்தும் காலணியின் விலையும்

விலையுயர்ந்த விளையாட்டுக் காலணிகளும் உடைகளும் அவற்றுக்கு நாம் கொடுக்கும் பணத்துக்குத் தகுதியானவையா என்ற கேள்வி வளாகத்து உரையாடல்களில் அடிக்கடி எழுகிறது. கேபிஆர் பூங்காவின் நடைபாதையிலும் கச்சிபௌலியின் சாலைகளிலும் காலை ஐந்தரை மணிக்கு ஓடுவோரின் கால்களில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட காலணிகளைக் காண்பது இன்று அரிதன்று. இதைப் பெரும்பாலும் ஒரு நுகர்வோர் கேள்வியாகவே விவாதிக்கிறோம். அடிப்பகுதி எத்தனை மாதம் தாங்கும், துணி வியர்வையை உலர்த்துமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதன்மையான அத்தியாயம் ஒன்று இதே ஹைதராபாத், செகந்திராபாத் மைதானங்களில் நிகழ்ந்தது. அதன் மையத்தில் இருப்பவர்களுள் ஒருவர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அந்த அத்தியாயத்தை முன்வைத்து விலைக் கேள்வியை மீண்டும் கேட்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் வெறுங்கால். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2–1 எனத் தோற்கடித்து ஐஎஃப்ஏ கேடயத்தை வென்றது. வென்ற அணியின் பதினொருவரில் பத்துப் பேர் காலணி அணியாதவர்கள். பூட்ஸ் அணிந்த ஆட்சியாளர்களை வெறுங்காலர்கள் வென்றார்கள் என்ற சித்திரம் அன்றிலிருந்து தேசியப் பெருமிதத்தின் பகுதியாயிற்று. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியா பிரான்சை எதிர்கொண்டபோதும் நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன், சிலர் கட்டுத்துணி சுற்றிய கால்களுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. 1–2 என இந்தியா தோற்றது. தோற்றும் பாராட்டுப் பெற்ற ஆட்டம் அது.

இந்தப் பெருமிதத்தை அப்படியே ஏற்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெறுங்கால் எல்லோருக்கும் ஒரு தேர்வாக இருந்ததில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்கச் சாதியினரின் தெருக்களில் செருப்பணிந்து நடக்க இயலாத நிலை இருந்தது. அதற்கெதிராக அண்மைக் காலத்திலும் மக்கள் கூடிச் செருப்பணிந்து நடந்திருக்கிறார்கள். பிறருக்கோ வறுமையே காரணம். ஆகவே வெறுங்காலைப் பண்பாடாக வியப்பதற்கு முன், காலணி யாருக்குக் கிடைத்தது என்று கேட்டாக வேண்டும். 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா செல்லாததற்கு வெறுங்காலாட்டத்துக்கு விதிக்கப்பட்ட தடையே காரணம் என்று வழங்கும் கதையும் இப்பெருமிதத்தின் நீட்சிதான். அணித் தேர்வில் எழுந்த சிக்கல்கள், பயிற்சிக்குக் காலம் போதாமை, ஒலிம்பிக்குக்கே கூடுதல் மதிப்பளித்த மனப்பான்மை ஆகியவற்றையே ஆய்வாளர்கள் இன்று காரணமாகச் சுட்டுகின்றனர்.

திருப்பம் ஹெல்சிங்கியில் வந்தது. 1952 ஒலிம்பிக்கின் தொடக்கச் சுற்றில் யுகோஸ்லாவியா இந்தியாவை 10–1 என வீழ்த்தியது. ஒரே கோல் அகமது கானுடையது. குளிரில், பழக்கமற்ற தரையில், பலர் காலணியின்றி ஆடினர். இதன் பின்னர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது. விளையாட்டு வரலாற்று நூல்கள் இவ்விதியை நவீனமாதலின் ஒரு படியாக ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவ்விதி ஒரு நுழைவுக் கட்டணமும் ஆகும் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அதுவரை பந்தாட ஒரு பந்தும் ஒரு மைதானமும் போதும். இனி ஒவ்வொரு ஆட்டக்காரரும் காலுக்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும்.

அந்த விலையை ஹைதராபாத் எவ்வாறு கொடுத்தது?

1950களின் ஹைதராபாத், இந்தியக் கால்பந்தின் தலைநகரங்களுள் ஒன்று. ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவ்வணியின் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம், 1909-இல் பிறந்த பள்ளி ஆசிரியர். 1943 முதல் 1963-இல் மறையும்வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். தேசிய அணியின் பயிற்றுநர். அவருடைய பயிற்சி முறை பொருள்களைப் பெரிதும் சார்ந்ததன்று. பழகாத காலாலும் உதைக்கப் பழகுதல், பந்தைத் தேக்கிவைக்காமல் முதல் தொடுகையிலேயே நகர்த்துதல், இடம்மாறி ஆடுதல் ஆகிய இவற்றுக்கு வேண்டியவை நேரமும் ஒழுங்கும் ஒரு நல்ல ஆசிரியருமே.

துளசிதாஸ் பலராம் இவ்வுலகத்திற்குள் வந்தவர். செகந்திராபாத் கண்டோன்மென்ட்டைச் சார்ந்த அம்முகூடாவில் 1936-இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். படைமுகாமைச் சார்ந்து மதராஸ் மாகாணத்திலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கு பல. சிறுவனாக இருந்தபோது பூட்ஸ் வாங்கப் பணமில்லாததால், காவலர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸ்களின் தோலைக் கொண்டு லால் பஜாரில் ஒரு காலணித் தொழிலாளி இரண்டு ரூபாய்க்குச் செய்து கொடுத்த பூட்ஸுடன் அவர் ஆடத் தொடங்கினார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அவரது ஆட்டத்தைக் கண்டு ரஹீம் பயிற்சிக்கு அழைத்தபோது, நகருக்கு வந்துபோக வழியில்லை என்றார் பலராம். வாடகைச் சைக்கிளுக்காக நாளொன்றுக்கு ஒரு ரூபாய் ரஹீம் கொடுத்தார் என்பதும் அக்குறிப்புகளில் உள்ள செய்தி.

இங்கே மொழியியல் மாணவி என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. ‘பூட்ஸ்’ என்ற சொல் ஆங்கிலப் பன்மை வடிவிலேயே தமிழுக்குள் வந்து ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றாக நிலைத்துவிட்டது. ‘பூட்ஸ் கால்’ என்றால் தமிழ்ச் செவிக்கு முதலில் நினைவுக்கு வருவது விளையாட்டு வீரரல்லர், காவலரும் சிப்பாயுமே. அதிகாரத்தின் அடையாளமாக மொழியில் பதிந்த அந்தப் பொருள், தேய்ந்து கழிக்கப்பட்டு, ஒரு தொழிலாளியின் கையில் ஒரு சிறுவனின் ஆட்டக் காலணியாக மாறியது. சொல்லின் பொருள் மாற்றத்தை ஆராய்வோர் பொருளின் கைமாற்றத்தையும் உடன் ஆராய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பலராம் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். அங்கே இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியாவிடம் 1–4 எனத் தோற்று, இறுதியில் நான்காமிடம் பெற்றது. நான்கு ஆண்டுகளில் 1–10 என்பது 1–4 ஆனது. பூட்ஸ் அணிந்ததால் விளைந்த முன்னேற்றம் இது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சான்றுகள் அவ்வளவு எளிதானவையல்ல. யுகோஸ்லாவியா 1952, 1956 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் வெள்ளி வென்ற அணி. பூட்ஸ் அணிந்த அணிகளும் அதனிடம் தோற்றன. மெல்போர்னுக்குப் பல நாடுகள் வராததால் இந்தியா ஒரே ஒரு வெற்றியுடன் நான்காமிடத்தை எட்டியது என்பதையும் மறைத்தல் கூடாது. உண்மையான வளர்ச்சியை 1960 ரோமில்தான் அளக்க இயலும். ஹங்கேரியிடம் 1–2 எனத் தோல்வி, பிரான்சுடன் 1–1 எனச் சமநிலை, பெருவிடம் 1–3 எனத் தோல்வி. ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிரான இரு கோல்களும் பலராமுடையவை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என வென்று தங்கமும் கிடைத்தது.

இவ்வளர்ச்சியில் பூட்ஸின் பங்கு யாது? பூட்ஸ் ஒரு தடையை நீக்கியது. ஈரத் தரையில் வழுக்காமல் நிற்கவும், எதிரியின் ஆணிக் காலணிக்கு அஞ்சாமல் மோதவும் வழிசெய்தது. தடை நீங்கிய இடத்தில் எஞ்சியதை ரஹீமின் பயிற்சி நிரப்பியது. வெறுங்காலுக்கும் இரண்டு ரூபாய் பூட்ஸுக்கும் இடைப்பட்ட தொலைவு மிகப் பெரிது. இரண்டு ரூபாய் பூட்ஸுக்கும் அக்காலத்தின் மிக விலையுயர்ந்த பூட்ஸுக்கும் இடைப்பட்ட தொலைவு அதனோடு ஒப்பிட மிகச் சிறிது. இப்பதிவின் மையக் கருத்து இதுவே. பயன் விலையோடு சீராக உயர்வதில்லை. முதல் படியில் பெரும் பாய்ச்சலாக உயர்ந்து, பின்னர் படிப்படியாகத் தட்டையாகிறது.

அதே ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா, கிடைத்த காலணி காலுக்குப் பொருந்தாததால் வெறுங்காலுடன் மராத்தான் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் உலகச் சாதனையுடன் வென்றார். நான்காண்டுகள் கழித்து டோக்கியோவில் காலணியுடன் ஓடி மூன்று நிமிடங்களுக்கும் மேல் குறைத்தார். முதற்செய்தியை மட்டும் சொல்வோர் காலணி வேண்டாம் என்பர். இரண்டாவதை மட்டும் சொல்வோர் காலணியே எல்லாம் என்பர். பொருந்தாத காலணியைவிடப் பழகிய வெறுங்கால் மேல் என்பதும், பொருந்திய காலணி உதவும் என்பதும் ஒருங்கே உண்மை.

விலை எப்போது பயனிலிருந்து பிரியத் தொடங்கியது என்பதற்கும் இதே பத்தாண்டில் தடயம் உண்டு. 1954-இல் பெர்ன் நகரில் மழையில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3–2 என வென்றபோது, தரைக்கேற்ப மாற்றக்கூடிய திருகாணிகள் கொண்ட அடிடாஸ் பூட்ஸ் புகழ்பெற்றது. அது மெய்யான தொழில்நுட்பம். 1956 மெல்போர்னிலோ அந்நிறுவனரின் மகன் ஹார்ஸ்ட் டாஸ்லர் வீரர்களுக்குக் காலணிகளை இலவசமாக வழங்கினார். உலகின் தலைசிறந்த கால்கள் விலையின்றி அணிய, அவற்றைப் பார்த்த ஏனையோர் விலை கொடுத்து வாங்கும் ஏற்பாடு அங்கே வலுப்பெற்றது. அன்றுமுதல் காலணியின் விலைக்குள் தோல், ரப்பர், கூலி ஆகியவற்றோடு ஒரு வீரரின் பெயரும் சேர்ந்தது.

இன்றைய சான்றுகளும் ஏறத்தாழ இதே வளைகோட்டையே காட்டுகின்றன. ஸ்காட்லாந்தின் டண்டியில் நடத்தப்பட்டு 2008-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, மூன்று நிறுவனங்களின் மலிவான, நடுத்தர, விலையுயர்ந்த ஓட்டக் காலணிகளை ஒப்பிட்டது. பாதத்தின் மீதான அழுத்தத்தைத் தாங்குவதில் மலிவானவை விலையுயர்ந்தவற்றுக்குக் குறைந்தவையாக இல்லை. உடையிலும் அவ்வாறே. பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஏற்கும். வியர்வை தேங்காமல் உலர்வதற்கு இதுவே அடிப்படை. இப்பண்பு இழைக்கு உரியது; மார்பில் உள்ள சின்னத்துக்கு உரியதன்று. திருப்பூரில் தைத்த பெயரற்ற பாலியஸ்டர் பனியனிலும் அது உண்டு.

விதிவிலக்குகளை மறைப்பது ஆய்வறமாகாது. கார்பன் தகடு பதித்த நைக் காலணி ஓட்டத்தின் ஆற்றல் செலவைச் சராசரியாக 4 விழுக்காடு குறைத்ததாக, அந்நிறுவனத்தின் நிதியுதவியுடன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு கூறியது. அதன்பின் முறிந்த சாதனைகள் அக்கூற்றுக்கு வலுச்சேர்த்தன. 2020-இல் உலகத் தடகள அமைப்பு அடிப்பகுதியின் தடிமனுக்கு 40 மில்லிமீட்டர் வரம்பும் ஒரு தகடு என்ற வரம்பும் விதித்து, போட்டியில் அணியும் காலணி பொதுச் சந்தையில் கிடைக்க வேண்டும் என்றது. நீச்சலில் பாலியூரித்தேன் உடைகள் 2010 முதல் தடைசெய்யப்பட்டன. கவனியுங்கள்: விலை உண்மையிலேயே வேகத்தை வாங்கித் தரும் இடங்களில் விளையாட்டமைப்புகள் அதனை நியாயத்தின் சிக்கலாகக் கருதித் தலையிட்டன. மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் பூங்காவைச் சுற்றுவோருக்கு அத்தகைய காலணி அளிக்கும் ஆதாயம், அவருடைய நேரத்தில் அல்லாமல் மனநிறைவிலேயே பெரிதும் தங்கும். மனநிறைவும் ஒரு பயன்தான். அதற்கு விலை கொடுப்பது குற்றமன்று. ஆனால் அதனைத் தேவை என்று பெயரிடுவது பிழை.

இப்பெயரிடல் வெறும் சொற்பிழையன்று. அதற்கு விளைவுகள் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாற்றிலும் ஆந்திரத்தின் தடாவிலும் உலகப் பெயர்களுக்கான காலணிகள் பெரும்பாலும் பெண் தொழிலாளர்களின் கைகளால் உருவாகின்றன. கடைவிலையில் அவர்களுடைய கூலியாகச் சேர்வது மிகச் சிறு பங்கே. தாம் நாள்தோறும் செய்யும் காலணியை வாங்குவது அவர்களுள் பலருக்கு எளிதன்று. மறுபுறம், விளையாட்டில் சேர விரும்பும் குழந்தையின் பெற்றோரிடம் ஒரு நீண்ட பொருட்பட்டியல் நீட்டப்படுகிறது. அப்பட்டியலின் முதல் வரியிலுள்ள பொருத்தமான, உறுதியான ஒரு காலணி அவசியமானது. ஏனையவற்றில் பெரும்பகுதி அழகு. இரண்டையும் ஒன்றாகத் தேவை என்று எழுதும்போது, முதல் வரியை மட்டும் வாங்க வல்ல குடும்பம் மைதானத்தின் வாசலிலேயே திரும்பிவிடுகிறது. திரும்பிச் சென்றவர்களின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் பதிவாவதில்லை.

ஆகவே விலைக்குத் தகுதியானதா என்ற கேள்விக்கு ஹைதராபாத்தின் வரலாறு தரும் விடை இதுதான். முதல் இணை எந்த விலைக்கும் தகுதியானது. அதை வாங்க இயலாதவருக்கு வாங்கித் தருவது பள்ளிகளின், சங்கங்களின், அரசின் கடமை. அதன்பின் கூடும் ஒவ்வோர் ஆயிரம் ரூபாயும் குறைந்துகொண்டே போகும் பயனை வாங்குகிறது. ரஹீம் தன் கையிலிருந்து கொடுத்த நாளொன்றுக்கு ஒரு ரூபாய், காலணிக்காக அன்று. மைதானத்துக்கு வந்துசேரும் வழிக்காக. இந்திய விளையாட்டில் செலவிடப்பட்ட பணத்தில் அதனினும் பயனளித்த முதலீடுகள் மிகச் சிலவே இருக்கும்.

பலராம் 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் தமது 86ஆம் வயதில் காலமானார். லால் பஜாரின் அந்தத் தொழிலாளியின் பெயரை நான் படித்த எக்குறிப்பிலும் காணவில்லை. செகந்திராபாத்தின் தமிழ்க் குடும்பங்களில், திருமலகிரி, அம்முகூடா, போலாரம் பகுதிகளின் பழைய ஆட்டக்காரர்களையோ அவர்களுக்குப் பூட்ஸ் செய்து கொடுத்தவர்களையோ பற்றிய நினைவுகளும் நிழற்படங்களும் இன்னும் இருக்கக்கூடும். அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுத வேண்டுகிறேன். கோப்பைகளின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. காலணிகளின் வரலாறு இன்னும் வாய்மொழியாகவே இருக்கிறது.