பாண் விலையும் பின்னல் பொறியும்: லுடைட்டுகளைப் பற்றி நாங்கள் வாசித்தது

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில ஒரு வாக்குவாதம். எங்களில் ஒருவர் மொழிபெயர்ப்பு வேலை செய்து வாழ்பவர். ஒரு நிறுவனத்துக்கு, ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்த்த பிரதியை அனுப்பி, "கொஞ்சம் பார்த்துத் திருத்தித் தாங்கோ" என்று கேட்கிறதாம். காசு பாதி. ஆனால் அந்தத் தமிழைக் கூரை பிரித்து மேய்கிற மாதிரி முழுதாகப் பிரித்துத்தான் திரும்பக் கட்ட வேண்டியிருக்கு, ஆகவே நேரம் முந்தின அளவுதான். அவர் இதைச் சொல்லி முடிக்க முதலே இன்னொருவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "லுடைட் மாதிரிக் கதைக்காதையும்."

எல்லாரும் சிரித்தோம். பிறகு ஒருவர் கேட்டார், "லுடைட் எண்டால் ஆர்?" "மெசினுக்குப் பயந்து மெசினை உடைச்ச ஆக்கள்" என்பதற்கு மேலே எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் வாசித்தோம். வாசித்த பிறகு அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பழைய மெசின், புதிய கணக்கு

1811 மார்ச் மாதம், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்னல்ட் என்ற ஊரில், இரவில் கூட்டமாக வந்தவர்கள் காலுறை பின்னும் பொறிகளைச் சுத்தியலால் உடைத்தார்கள். அடுத்த ஒன்றரை வருடத்தில் இது யோர்க்‌ஷயர், லங்காஷயர் வரைக்கும் பரவியது. மிரட்டல் கடிதங்கள் "நெட் லுட்" என்ற பெயரில் போயின. அப்படி ஒரு தலைவர் உண்மையில் இருக்கவில்லை, எல்லாரும் பாவித்த ஒரு பெயர் அது.

எங்களை முதலில் நிறுத்திய விசயம் இது: அவர்கள் உடைத்த பின்னல் பொறி புதிய கண்டுபிடிப்பு இல்லை. வில்லியம் லீ என்பவர் அதைச் செய்தது 1589இல். அதாவது இருநூறு வருசத்துக்கு மேல் பழைய சாமான். உடைத்தவர்களின் தகப்பனும் பாட்டனும் அதே பொறியில் இருந்துதான் உழைத்தார்கள். அதைப் பார்த்துப் பயப்பட அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்ப ஏன் உடைத்தார்கள்?

நொட்டிங்ஹாமில் பின்னுபவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே வேலை செய்தார்கள். ஆனால் பொறி அவர்களுடையது இல்லை. முதலாளியிடமிருந்து வாடகைக்கு எடுத்தது. வேலை குறைவான கிழமையிலும் வாடகை கூலியிலிருந்து கழிக்கப்படும். சிலருக்குக் கூலி காசாகக் கிடைக்காமல் சாமானாகக் கிடைத்தது. அதோடு, சில முதலாளிமார் அகலமான பொறியில் துணியாகப் பின்னி, அதை வெட்டித் தைத்துக் காலுறை என்று விற்கத் தொடங்கினார்கள். மலிவு, ஆனால் கொஞ்ச நாளில் தையல் பிரிந்துவிடும். இதைச் செய்ய முழுதாகத் தொழில் பழகிய ஆள் தேவையில்லை. பயிற்சி முடிக்காதவர்களைக் குறைந்த கூலிக்கு எடுத்தார்கள். நல்ல காலுறை பின்னியவரின் கூலியும் அதோடு சேர்ந்து கீழே இறங்கியது.

உடைத்தவர்கள் எல்லாப் பொறிகளையும் உடைக்கவில்லை. ஒழுங்கான கூலி கொடுத்தவரின் பொறியைத் தொடாமல், கூலியை வெட்டியவரின் பொறியைத் தேடிப் போனார்கள். ஒரே தெருவில், ஒரே மாதிரி இரண்டு பொறியில், ஒன்று மட்டும் உடைந்து கிடக்கும்.

பாண் விலை

இதே காலத்தில் நெப்போலியனோடு யுத்தம். கடல் வணிகம் அடைபட்டுக் கிடந்தது, ஏற்றுமதி விழுந்தது, வேலை குறைந்தது. அறுவடைகளும் பிழைத்தன. 1790இல் ஒரு குவார்ட்டர் கோதுமை ஏறக்குறைய 55 ஷிலிங். 1812இல் அது 126 ஷிலிங்கைத் தாண்டியது. பாண்தான் ஏழைகளின் சாப்பாடு. கூலி இறங்குகிற அதே நேரத்தில் பாண் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால் ஒரு குடும்பத்தில் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2022இல் நாங்கள் வரிசையில் நின்றவர்கள்.

1812 ஏப்ரலில் மன்செஸ்டர் சந்தையில் உருளைக்கிழங்கு விலைக்கு எதிராகக் கலவரம் நடந்தது. முன்னுக்கு நின்றவர்களில் பெண்கள் அதிகம். அவர்களில் ஹன்னா ஸ்மித் என்ற 54 வயதுப் பெண்ணை, வியாபாரியிடமிருந்து வெண்ணெயை வலுக்கட்டாயமாகக் குறைந்த விலைக்கு எடுத்த குற்றத்துக்கு லங்காஸ்டரில் தூக்கிலிட்டார்கள். சட்டப் புத்தகத்தில் அந்தக் குற்றத்துக்குப் பெயர் வழிப்பறி. பொறியை உடைத்தவர்களும் சந்தையைக் கலக்கியவர்களும் வேறு வேறு கதை இல்லை என்பதை நாங்கள் அவரிடமிருந்துதான் விளங்கிக்கொண்டோம். அவர்களுக்குக் கூலியும் விலையும் ஒரே கணக்கு.

எங்கட நாட்டிலும் இதற்கு ஒரு நினைவு இருக்கு. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடு நின்றது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

எல்லாக் கதவையும் தட்டிய பிறகு

"சரி, உடைக்காமல் வேறு வழியில் கேட்டிருக்கலாம்தானே?" இதுவும் எங்கட வட்டத்தில் வந்த கேள்வி. நியாயமான கேள்விதான்.

கேட்டார்கள். தொழிற்சங்கம் அமைக்க முடியாது: 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி கூலி உயர்வுக்காகச் சேர்வதே குற்றம். பழைய சட்டத்தில் இருந்த தொழிற்பயிற்சி விதிகளை அமுல்படுத்தும்படி மனுக் கொடுத்தார்கள். நாடாளுமன்றம் அந்த விதிகளை 1814இல் முழுதாக எடுத்துவிட்டது. கிரேவனர் ஹென்சன் என்ற பின்னல் தொழிலாளியின் தலைமையில், மோசமான காலுறை உற்பத்தியையும் கூலி மோசடியையும் தடுக்க ஒரு சட்டமூலம் 1812இல் கொண்டுபோனார்கள். மக்கள் சபையில் நிறைவேறியது. பிரபுக்கள் சபை தூக்கி எறிந்தது.

பொறியை உடைப்பவருக்கு மரண தண்டனை என்ற சட்டம் மட்டும் அதே வருடம் வேகமாக நிறைவேறியது. அதற்கு எதிராகப் பிரபுக்கள் சபையில் எழும்பிப் பேசியவர்களில் ஒருவர் கவிஞர் பைரன். 1812 பெப்ரவரி 27. வயது 24. அவருடைய முதலாவது உரை அது. இந்த மக்களை இந்த இடத்துக்குத் தள்ளியது வறுமை என்று வாதாடினார். சட்டம் நிறைவேறியது. கலகம் நடந்த மாவட்டங்களுக்கு ஏறக்குறைய 12,000 படையினர் அனுப்பப்பட்டார்கள். 1813 ஜனவரியில் யோர்க்கில் மட்டும் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

லுடைட்டுகளைப் புனிதர்களாக்க எங்களுக்கு விருப்பமில்லை. யோர்க்‌ஷயரில் வில்லியம் ஹோர்ஸ்ஃபோல் என்ற ஆலை முதலாளியைப் பாதையில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். தொழில் பழகாதவர்களை அவர்கள் பார்த்த பார்வையிலும் ஒரு இளக்காரம் இருந்தது. நொட்டிங்ஹாமில் சில முதலாளிமார் பயத்தில் கூலியைக் கொஞ்சம் உயர்த்தினாலும் அது நிலைக்கவில்லை. பொறி வாடகைக் கழிப்பு சட்டத்தால் நின்றது 1874இல்தான். ஆர்னல்டில் முதல் பொறி உடைந்து 63 வருடம் கழித்து.

"கடைசியில எல்லாம் சரி வந்ததுதானே"

செயற்கை நுண்ணறிவு பற்றி ஆர் கேள்வி கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும்: நீராவி வந்தது, பயந்தார்கள், கடைசியில் எல்லாருக்கும் வாழ்க்கை உயர்ந்தது. இதுவும் அப்படித்தான்.

அந்தக் "கடைசி" எப்போது வந்தது என்று தேடினோம். பொருளாதார வரலாற்றாளர் ரொபர்ட் அலன் கணக்குப் போட்டிருக்கிறார். 1780க்கும் 1840க்கும் இடையில் பிரித்தானியாவில் ஒரு தொழிலாளி உற்பத்தி செய்த அளவு 46 வீதம் உயர்ந்தது. அவர் வாங்கிய உண்மைக் கூலி, அதாவது அந்தக் கூலியால் வாங்கக்கூடிய சாமானின் அளவு, 12 வீதம்தான் உயர்ந்தது. மிச்சம் லாபமாகப் போனது. பிறகு கூலி ஏறியது உண்மை. ஆனால் 1811இல் இருபது வயதாக இருந்த ஒருவருக்கு அப்போது ஐம்பது வயது. கைத்தறி நெசவாளர்களுக்கு அதுவும் இல்லை. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரம் இருபது ஷிலிங்குக்கு மேல் உழைத்த நெசவாளர், 1830களில் அதில் பாதியும் உழைக்கவில்லை.

எங்கட மலைநாட்டைப் பாருங்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் கையால்தான் இலையை உருட்டுவித்தார். 1872 அளவில் உருட்டுவதற்கு மெசின் வைத்துவிட்டார். அதன் பிறகு தொழிற்சாலைக்குள் எத்தனையோ மெசின் வந்தது. கொழுந்து பறிக்கிற பெண்ணின் நாட்கூலி 1000 ரூபாயாக, வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு, 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அடுத்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு 94.9 வீதம். கூட்டிக் கொடுத்ததை விலைவாசி அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டது. நூற்றைம்பது வருடத்தில் மெசின் கூலியைத் தானாக உயர்த்திய ஒரு நாள் அங்கே இருக்கவில்லை. உயர்ந்ததெல்லாம் கேட்டு, நின்று, அடிபட்டு உயர்ந்தது.

இப்போ எது மலிவு?

இனி எங்கட மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பி வருவம்.

பொறி அவருடையது இல்லை. நல்ல சேவை வேண்டுமென்றால் மாதம் 20 டொலர், எங்கட காசில் ஏறக்குறைய 6000 ரூபாய். வேலை வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும். இது பொறி வாடகை. வெளியே போகிற தமிழ் வெட்டித் தைத்த காலுறை: பார்வைக்குத் தமிழ், வாசித்தால் தையல் பிரியும். அதை வாசிக்கிறவர் "தமிழ் மொழிபெயர்ப்பு எண்டாலே இப்படித்தான்" என்று நினைப்பார், நல்லதாகச் செய்கிறவரின் பெயரும் அதோடு கெடும். மெசின் தானாகப் படித்தது என்பதும் முழு உண்மை இல்லை. சட்ஜிபிடியைப் பாதுகாப்பானதாக்க, வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைந்த பிரதிகளை வாசித்துத் தரம் பிரித்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டொலருக்கும் குறைவாகவே கிடைத்தது என்று டைம் சஞ்சிகை 2023 ஜனவரியில் எழுதியது.

எங்களுக்கு மிகவும் உறைத்த விசயம் வேறு. செயற்கை நுண்ணறிவு எதை மலிவாக்குகிறது? மொழிபெயர்ப்பு, போஸ்டர், கணக்கு எழுதுதல், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லுதல். இவையெல்லாம் எங்களைப் போன்ற இளம் ஆட்கள் விற்கிற வேலைகள். நாங்கள் வாங்குகிறவை? அரிசி, தேங்காய், மருந்து, பஸ் காசு, அறை வாடகை, கரண்ட் பில். இவற்றில் ஒன்றையும் அது மலிவாக்கவில்லை. 1812இலும் இதுதான் நடந்தது. காலுறை மலிந்தது, பாண் ஏறியது. காலுறை விற்றுப் பாண் வாங்குகிறவர் நடுவில் நசிந்தார்.

நாங்களும் இந்தக் கட்டுரைக்குத் தேட அதே மெசினைப் பாவித்தோம். அது தந்த திகதிகளில் சில பிழை, புத்தகம் பார்த்துத் திருத்தினோம். மெசினை உடையுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2023இல் ஹொலிவூட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மெசின் எழுதியதைத் திருத்தச் சொல்லி அவர்களின் காசைக் குறைக்க முடியாதபடி ஒப்பந்தத்தில் விதிகள் வாங்கினார்கள். ஹென்சனின் சட்டமூலம் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஹென்சனின் ஆட்களுக்கு அது சட்டப்படி குற்றம். எங்களுக்குக் குற்றம் இல்லை, ஆனால் சங்கமும் இல்லை. வீட்டில் தனித்தனியாக லாப்டொப்புக்கு முன்னால் இருந்து, ஒருவருக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று மற்றவருக்குத் தெரியாமல் வேலை செய்கிறோம்.

ஆகவே அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு ஒரு சின்ன வேலை வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தட்டச்சு செய்கிற ஆட்கள் எல்லாரும் போன வருடம் வாங்கிய விலையையும் இந்த வருடம் வாங்குகிற விலையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவது. பெயர் தேவையில்லை. பக்கத்தில் அரிசி விலையையும் எழுதுங்கள். "லுடைட்" என்று சொல்லிச் சிரித்த தோழரும் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் ஒரு அச்சகத்துக்கு வடிவமைப்புச் செய்கிறவர்.