பிரித்தானியாவில் டீசல் கார் வரிகளும் வாகன உரிமையாளர்களின் மனக்குறையும்

பிரித்தானியாவில் 2001 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் டீசல் கார் வாங்கியவர் சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்தவராகக் கருதப்பட்டார். அரசும் அவருக்கு வரியைக் குறைத்தது. பின்னர் அதே காரை அதே சாலையில் ஓட்டியதற்காக அவரிடம் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டது. டீசல் வரிகளைப் பற்றி அந்நாட்டு வாகன உரிமையாளர்கள் இன்றுவரை பேசும் பேச்சில் கோபம் கலந்திருப்பதற்கு இந்தத் திருப்பமே காரணம். தொகை எவ்வளவு என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்விதான்.

எரிபொருள் வரி மீதான அவநம்பிக்கை அதற்கு முன்பே இருந்தது. 1993-ல் நார்மன் லமான்ட் நிதியமைச்சராக இருந்தபோது, எரிபொருள் தீர்வையை ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு மேல் உயர்த்தும் முறை கொண்டுவரப்பட்டது. 1999-ல் அது கைவிடப்பட்ட நேரத்தில், பம்பில் கொடுத்த விலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வரியாக இருந்தது. 2000 செப்டம்பரில் விவசாயிகளும் லாரி உரிமையாளர்களும் செஷயரிலுள்ள ஸ்டான்லோ சுத்திகரிப்பு நிலையத்தை மறித்தனர். சில நாட்களிலேயே நாடு முழுவதும் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. "சுற்றுச்சூழல்" என்ற சொல்லை அரசு எடுத்தாலே அது வருவாய்க்கான சாக்கு என்று பலர் எண்ணத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

கரியமில வாயுவே அளவுகோல்

2001 மார்ச் 1 முதல் பதிவான புதிய கார்களுக்கு ஆண்டுச் சாலை வரி, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்பதைக் கொண்டு விதிக்கப்பட்டது. அப்போது நிதியமைச்சர் கோர்டன் பிரவுன். 1997-ன் கியோட்டோ உடன்படிக்கைக்குப் பின் பல நாடுகள் கரியமில வாயுவைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தன. டீசல் எஞ்சின் ஒரு லிட்டரில் பெட்ரோல் எஞ்சினைவிட அதிக தூரம் செல்லும் என்பதால் இந்த அளவுகோலில் அது எளிதில் வென்றது. 2009-ல் வரி 13 படிகளாகப் பிரிக்கப்பட்டபோது, 100 கிராம் வரை வெளியிடும் கார்களுக்கு ஆண்டு வரி பூஜ்யம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் புளூமோஷன் டீசல் காரின் அளவு 99 கிராம். வரிப்படியின் எல்லையைப் பார்த்தே தயாரிப்பாளர்கள் எஞ்சினை வடிவமைத்தார்கள் என்பது இதில் வெளிப்படை.

நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் கார்களுக்கான வரியும் 2002 ஏப்ரலில் இதே வழிக்கு மாறியது. ஆனால் அதில் டீசலுக்கு மட்டும் 3% கூடுதல் இருந்தது. டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் அதிகம் என்பது அரசுக்கு அன்றே தெரிந்திருந்தது என்பதற்கு இந்த 3 சதவீதமே சான்று. தெரிந்தும் மொத்தக் கணக்கில் டீசல் பக்கமே சாய்ந்தது. 2000-ல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்று டீசல். 2011-ல் இரண்டில் ஒன்று.

இலண்டன் மாநகரமும் இதில் பங்கு வகித்தது. 2011 முதல், யூரோ 5 தரத்தில் 100 கிராமுக்கு மேல் வெளியிடாத கார்களுக்கு நெரிசல் கட்டணத்திலிருந்து முழு விலக்கு கிடைத்தது. சிறிய டீசல் கார்கள் பல அந்த விலக்கில் நகர மையத்துக்குள் நுழைந்தன. 2013-ல் விதி இறுக்கப்பட்டது.

ஐரோப்பாவின் பிற பல நாடுகளைப் போல பிரித்தானியாவில் டீசலுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. லிட்டருக்குப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே தீர்வை. பம்பில் பெரும்பாலும் டீசலே சில பென்ஸ் அதிகம். ஆகவே நெடுந்தூரம் ஓட்டுபவருக்கே அது உண்மையில் இலாபம். சாலை வரி பூஜ்யம் என்பதற்காக வாங்கி, பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டியவர்கள் வேறொரு சிக்கலில் மாட்டினார்கள். புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டி தன்னிடம் சேரும் கரியை எரித்துத் தீர்க்க நல்ல சூடு வேண்டும். குறுந்தூர ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் சரிசெய்யும் செலவு, சேமித்த வரியை விழுங்கிவிடும்.

2015

அந்த ஒரே ஆண்டில் எல்லாம் கலைந்தது. ஜனவரியில், முந்தைய தொழிற்கட்சி அரசில் அமைச்சராக இருந்த பேரி கார்டினர், டீசலை ஊக்குவித்த முடிவு தவறு என்று தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஏப்ரலில், நைட்ரஜன் டைஆக்சைடு வரம்புகளை மீறியதற்காகக் கிளையன்ட் எர்த் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மோசடி வெளிவந்தது: ஆய்வுக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி கார்களில். பிரித்தானியாவில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம்.

நவம்பரில், அடுத்த ஆண்டு நீக்கப்படவிருந்த 3% கூடுதல் வரியை நீட்டிப்பதாக நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தார். ஏமாற்றியது தயாரிப்பாளர், வரி கட்டுவது வாங்கியவர் என்ற முணுமுணுப்பு எழுந்தது. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

2017 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே, முந்தைய அரசுகள் மக்களை டீசல் வாங்கத் தூண்டியதைக் கணக்கில் கொள்வதாகக் கூறினார். அதன்படியே அந்த நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஃபிலிப் ஹாமண்ட் பழைய கார்களைத் தொடவில்லை. உண்மைச் சாலையில் செய்யும் புதிய புகைச் சோதனையில் தேறாத புது டீசல் கார்கள் மட்டும் 2018 ஏப்ரல் முதல் முதலாண்டு வரியில் ஒரு படி மேலே போயின. நிறுவனக் கார்களின் கூடுதல் 4% ஆனது. சிறு வியாபாரிகளின் வேன்களுக்கு விலக்கு. உரிமையாளர்கள் மூச்சுவிட்டாலும் வாங்குபவர்கள் தயங்கினர். 2017-ல் 42% ஆக இருந்த டீசல் பங்கு 2018-ல் 32% ஆகச் சரிந்தது. மக்கள் குழம்பிப் பழைய கார்களையே வைத்துக்கொள்வதால் காற்று இன்னும் கெடும் என்று தொழில்துறை வாதிட்டது.

நாளொன்றுக்கு 12.50 பவுண்டு

மைய அரசு தொடத் தயங்கிய பழைய கார்களை நகரங்கள் தொட்டன. 2017-லேயே வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் மேரில்போன் பகுதியில் பழைய டீசல் கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை 50% உயர்த்தியது. 2019 ஏப்ரல் 8 அன்று மத்திய இலண்டனில் மிகக்குறை மாசு மண்டலம் நடைமுறைக்கு வந்தது. டீசல் கார் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். அதாவது 2014-ல் வாங்கிய பல டீசல் கார்களுக்குக் கட்டணம் உண்டு, 2006-ல் வாங்கிய பெட்ரோல் காருக்கு இல்லை. புகையளவைப் பார்த்தால் இதில் தர்க்கம் உண்டு. எட்டு ஆண்டு பழைய காரை விற்று இதை வாங்கியவரிடம் அந்தத் தர்க்கம் எடுபடவில்லை.

கட்டணம் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடப்படுகிறது. இரவுப் பணிக்குச் சென்று விடியலில் திரும்புபவர் ஒரு பணிக்கு இரண்டு நாள் கட்டணமாக 25 பவுண்டு செலுத்த வேண்டும். புது கார் வாங்க வசதியுள்ளவருக்கோ ஒன்றுமில்லை. ஏழைகளின் மீதான வரி என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் வலுப்பெற்றது. அதற்கு ஆதரவாளர்கள் தந்த மறுமொழி: நெரிசல் சாலைகளின் ஓரம் குடியிருப்பவர்களும் ஏழைகளே, அவர்களில் பலரிடம் காரே இல்லை.

அந்த மறுமொழிக்கு ஒரு முகம் உண்டு. லூயிஷமில் தெற்கு வட்டச் சாலையை ஒட்டி வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அவள் இறப்புக்குக் காரணம் என்று பதிவு செய்தார். நாட்டில் அப்படிப் பதிவான முதல் மரணம் அது. 2021 அக்டோபரில் மண்டலம் விரிந்தபோது அதன் எல்லை அந்தச் சாலையிலேயே நின்றது. சாலை மட்டும் மண்டலத்துக்கு வெளியே.

2023 ஆகஸ்ட் 29 அன்று மண்டலம் இலண்டன் முழுவதற்கும் விரிந்ததே பெரும் போராட்டமானது. பேருந்தும் இரயிலும் குறைவான புறநகர்களில் கார் இல்லாமல் காரியம் ஆகாது. ஐந்து மன்றங்கள் வழக்குத் தொடுத்துத் தோற்றன. ஜூலையில் அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 495 வாக்குகளில் வென்றதற்கு இந்தக் கட்டணமே காரணம் எனப்பட்டது. கண்காணிப்புக் கருவிகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. கோபம் முழுவதும் மேயர் சாதிக் கான் மீது விழுந்தது; மண்டலத்தை முதலில் முன்மொழிந்தவர் அவருக்கு முந்தைய மேயர் போரிஸ் ஜான்சன் என்பது அந்த இரைச்சலில் மறந்துபோயிற்று. பழைய காரை ஒப்படைத்தால் 2,000 பவுண்டு வரை தரும் திட்டம் கடைசி நேரத்தில்தான் எல்லா இலண்டன்வாசிகளுக்கும் திறக்கப்பட்டது. சர்ரேயிலிருந்தும் கென்ட்டிலிருந்தும் வேலைக்கு வருபவர்கள் கட்டணம் மட்டும் செலுத்தினர். ஆயினும் சில மாதங்களிலேயே அங்கு ஓடும் வாகனங்களில் 95 சதவீதத்துக்கு மேல் தரத்துக்கு உட்பட்டவையாகின.

பிற நகரங்கள் இதைப் பார்த்து ஆளுக்கொரு வழியில் சென்றன. பர்மிங்காம் 2021-ல் கார்களுக்கு 8 பவுண்டு விதித்தது. பாத் நகரம் தனியார் கார்களை விட்டுவிட்டது. மான்செஸ்டர் வட்டாரத் திட்டம் 2022-ல் எதிர்ப்பினால் நிறுத்திவைக்கப்பட்டது.

2025 ஏப்ரலில், அதுவரை சாலை வரி இல்லாதிருந்த மின்சாரக் கார்களும் வரிக்குள் கொண்டுவரப்பட்டன. அதே நாளில் 99 கிராம் டீசல் கார்களின் பூஜ்ய வரியும் முடிந்து, ஆண்டுக்கு 20 பவுண்டு ஆனது.