நுகர்வோர் தேர்வு மாதிரி: அரிசி

விலை மாறினால் மக்கள் எதைக் குறைப்பார்கள், எதற்கு மாறுவார்கள் என்று கணிக்கும் பொருளியல் முறை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 1986இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 நெல் ரகம் இதை விளக்க அருமையான எடுத்துக்காட்டு. குட்டையும் பருமனுமான அரிசி, இட்லிக்கு வாகானது. சோற்றுக்குக் கூடுதல் விலை கொடுத்துச் சன்ன ரகமான பொன்னி வாங்கும் வீட்டிலும் மாவரைக்கக் குண்டரிசிதான் வேண்டும். அரிசியை ஒரே பொருளாக வைத்துப் போடும் கணக்கு இங்கே நிச்சயம் பிசகும். டேனியல் மெக்ஃபேடன் (நோபல் பரிசு, 2000) வளர்த்தெடுத்த மாதிரி, ஒவ்வொரு ரகத்தையும் பருமன், சமையல் குணம், விலை எனப் பிரித்து மதிப்பிடுகிறது. அதன் எளிய வடிவத்தில் பெரிய குறை உண்டு: பொன்னி விலை ஏறினால், அதை விட்டவர்கள் மற்ற ரகங்களுக்கு அவற்றின் தற்போதைய விற்பனை விகிதப்படியே பிரிவதாகக் காட்டும். உண்மையில் அவர்கள் தேடுவது இன்னொரு சன்ன ரகத்தை. ஒத்த ரகங்களைக் குழுவாக்கும் அடுக்கு மாதிரி இதைச் சரிசெய்கிறது.