தங்கசாலையும் ஈய எழுத்தும்: வடசென்னையில் அச்சுக்கும் அணிகலனுக்கும் உள்ள உறவு

பேசின் பிரிட்ஜ் இன்று சென்ட்ரலுக்குள் நுழையுமுன் ரயில்கள் தயங்கி நிற்கும் இடமாகவே பெரும்பாலோர்க்குத் தெரியும். ஆயினும் 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, எண்ணூர்ப் பக்கமிருந்து வெட்டப்பட்டுப் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியாகிவிட்ட நீர்வழியில் உப்பும் விறகும் ஏற்றிவந்த படகுகளால் உயிர்பெற்ற வட்டாரம் அது. இங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவில் தங்கசாலைத் தெருவின் வடகோடியும், தென்மேற்கே வேப்பேரியும் உள்ளன. நாணயம் அடித்தல், எழுத்து வார்த்தல், நகை செய்தல் ஆகிய மூன்று உலோகத் தொழில்களும் நடந்தே கடக்கக்கூடிய இந்தச் சிறு பரப்புக்குள் வளர்ந்தன. அச்செழுத்தின் வடிவத்தைப் பதக்கமாகவும் காதணியாகவும் செய்து விற்கும் சிறு கைத்தொழில் அண்மைக்காலப் புதுமையாகத் தோன்றலாம். உண்மையில் அது ஒரே பட்டறையிலிருந்து பிரிந்துபோன இரு கிளைகளை மீண்டும் சேர்த்துவைக்கிறது.

அந்த உறவு அச்செழுத்து உருவாகும் முறையிலேயே இருக்கிறது. முதலில் ஓர் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவார்கள், இதுவே முளையச்சு. அதை நெருப்பில் காய்ச்சிக் கடினமாக்கிச் செம்புக் கட்டையில் அடித்தால் எழுத்து நேர்வடிவில் குழியாக விழும். அந்தக் குழியை வார்ப்புக் கருவியில் பொருத்தி, ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த குழம்பை ஊற்றினால், மீண்டும் இடவலம் மாறிய எழுத்துத் துண்டு, அதாவது கம்போசிட்டர்கள் 'டைப்' என்றழைத்த பொருள், கிடைக்கும். ஈயம் மட்டும் இருந்தால் எழுத்து மென்மையாகி விரைவில் தேயும். ஆன்டிமனி அதற்குக் கடினத்தைத் தருவதோடு, ஆறும்போது சுருங்காமல் விளிம்புகளைக் கூர்மையாக வைத்திருக்கவும் உதவுகிறது. இவற்றுள் மிகக் கடினமான வேலை முளையச்சு வெட்டுவதே. அதற்கு வேண்டிய உளி, அரம், உருப்பெருக்கும் கண்ணாடி, மயிரிழை பிசகாத கை ஆகியவை பொற்கொல்லரிடமும் முத்திரை வெட்டுவோரிடமும் ஏற்கெனவே இருந்தன. வங்காள எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலேயர் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணம் 1778இல் அச்சானபோது, அந்த எழுத்துகளை உருவாக்கிய வில்கின்ஸுக்குத் துணைநின்ற பஞ்சானன் கர்மகார் உலோகம் செதுக்கும் மரபில் வந்தவர் என்பது தற்செயல் அன்று.

தமிழ் அச்சு அதற்கும் இரு நூற்றாண்டு முந்தியது. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்த கொன்சால்வஸ் கொல்லுத்தொழில் அறிந்த ஒரு சேசு சபைச் சகோதரர். பிறகு வந்த தரங்கம்பாடி மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. சென்னைக்கோ அச்சு போர்க்கொள்ளையாக வந்து சேர்ந்தது: 1761இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்த புதுச்சேரியை வீழ்த்திய ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை எடுத்துவந்த அச்சுப்பொறி, அரசின் வேலைகளையும் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரியிலிருந்த பாதிரியார் ஃபப்ரிசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1779இல் அங்கிருந்து வெளிவந்தது. 1862இல் வின்சுலோவின் பேரகராதியை அச்சிட்ட அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹண்ட் காலத்தில் தமிழ் எழுத்து அளவில் சிறுத்து, தெளிவில் கூடியது. கு, கூ, ஙு, ஙூ என்று தொடங்கி உகர ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 36 தனித்தனி வடிவங்கள் தேவைப்படும் ஒரு மொழியில், ஒவ்வொரு புதிய அளவுக்கும் அத்தனை முளையச்சுகளையும் முதலிலிருந்து வெட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால்தான் அந்தச் சிறு எழுத்தின் அருமை புரியும்.

நாணயச்சாலையில் நடந்ததும் இதே வேலைதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணயச்சாலை 1807, 1808 ஆண்டுகளில் அடித்த வெள்ளி அரைப் பகோடாவின் ஒரு பக்கத்தில் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரத்தைச் சுற்றி ஆங்கிலமும் பாரசீகமும், மறுபக்கத்தில் திருமால் உருவத்தைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டன. அந்த அச்சை வெட்டியவர் தமிழ் எழுத்தை வட்டத்தின் விளிம்பில் வளைத்து, இடவலம் மாற்றி, எஃகில் குழியாகச் செதுக்கியாக வேண்டும். எழுத்துரு வெட்டுபவரின் கலைக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. நாணயம் கழுத்தில் ஏறியபோது அது காசுமாலை ஆயிற்று; ஆகவே எழுத்து பொறித்த உலோகத்தை அணிவது தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பழக்கமாக எந்நாளும் இருந்ததில்லை. 1869இல் நாணயச்சாலை மூடப்பட்டது. பின்னாளில் அதே தங்கசாலைக் கட்டடங்களில் அரசு அச்சகம் குடியேறியது. காசு அடித்த கூடங்களில் அரசிதழ் அடிக்கப்பட்ட இந்த மாற்றத்தை நகர வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது கூடுதல் கவனத்துக்கு உரியது.

1835இல் அச்சுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் உள்நாட்டவரின் அச்சுக்கூடங்கள் பெருகின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தமது வித்தியாநுபாலன யந்திரசாலையைச் சென்னையில் நடத்தியதும் தங்கசாலைத் தெருவில்தான். அதே தெருவும் அதை ஒட்டிய சௌகார்பேட்டையும் வட்டிக்கடைக்கும் தங்க வணிகத்துக்கும் பெயர்பெற்றவை; பத்தர்களின் பட்டறைகள் சந்துகளுக்குள் இருந்தன. அந்தப் பட்டறைகளுக்குப் பேரிடி 1963 ஜனவரியில் வந்தது. பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யக் கூடாது என்ற தங்கக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் பல்லாயிரம் பொற்கொல்லர் குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்தது. அந்த வரம்பு பிறகு தளர்ந்தாலும், 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது.

அச்சகங்களின் முடிவு இவ்வளவு திடீரென்று வரவில்லை. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, துதிக்கைபோல் வளைந்த பழைய ணை, லை, ளை, னை வடிவங்களும் சுழித்த ணா, றா, னா வடிவங்களும் எழுத்துப் பெட்டியில் வேலையிழந்தன. பிறகு ஆஃப்செட்டும் கணினி அச்சுக்கோப்பும் வர, மிச்சமிருந்த எழுத்துகளும் கிலோ கணக்கில் பழைய ஈயமாக விற்கப்பட்டு உருக்கப்பட்டன. கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்த ட்ரெடில் எந்திரங்கள் இரும்புக் கடைகளுக்குச் சென்றன.

இன்று இந்த வடிவங்களிலிருந்து அணிகலன் செய்ய முனைபவர் முதலில் எதிர்கொள்வது ஈயமே. அது நச்சு உலோகம் ஆதலால் பழைய டைப்பை அப்படியே கம்பியில் கோத்துத் தோலில் படும்படி அணிவது தகாது. அதிலிருந்து அச்சு எடுத்து, மெழுகில் உருவாக்கி, வெள்ளியிலோ பித்தளையிலோ வார்ப்பதே முறையானது. அடுத்தது திசை: டைப்பைப் பார்த்து வார்த்தால் எழுத்து இடவலம் மாறியும், அதன் பதிவைப் பார்த்து வார்த்தால் நேராகவும் இருக்கும், முதலாவது தொழிலை அறிந்தவருக்கு, இரண்டாவது வாசிப்பவருக்கு. தகட்டில் இழைவாள் கொண்டு எழுத்தை அறுத்தெடுக்கும் முறையில் தமிழுக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்துடலோடு ஒட்டாமல் மேலே தனித்து நிற்கிறது; டைப்பில் அதை ஈயக் கட்டை தாங்கியது; பதக்கத்தில் தாங்க ஒன்றுமில்லை. எனவே புள்ளியை மெல்லிய கம்பியால் இணைக்க வேண்டும், அல்லது பதக்கத்தைத் தொங்கவிடும் வளையமாகவே அதை மாற்ற வேண்டும். இரண்டாவது வழியே அழகானது, ஏனெனில் அங்கே புள்ளி தனக்கென ஒரு வேலையைப் பெறுகிறது.

தங்கத்தில் செய்வோருக்கு இன்னொரு எழுத்தும் உண்டு. 2021 ஜூனில் சென்னை உள்ளிட்ட மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட அடையாளம் லேசரால் பொறிக்கப்பட வேண்டும். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு வணிகருக்கும், இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கும் விலக்கு உண்டு என்பதால் கைத்தொழிலாகச் செய்வோர் பலர் இந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அந்த ஆறு குறிகளும் ரோமன் எழுத்தும் எண்ணுமாகவே உள்ளன. கம்பெனியின் அரைப் பகோடாவில் தமிழுக்குக் கிடைத்த இடம் இந்த முத்திரையில் கிடைக்கவில்லை.