காயக்காரர் கூட்டமாக வரும் நாளில்: கொத்மலையிலிருந்து ஒரு பார்வை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பல நூறு பேர் காயமடைந்தனர். கொத்மலையில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எழுந்த கேள்வி, இத்தனை காயக்காரரையும் யார் பார்ப்பார்கள் என்பதே.

பார்த்தார்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கு இது புதிதல்ல. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் மட்டும் காயப்பட்டோர் சுமார் 1,400 பேர். இந்நாட்டு வைத்தியர்கள் போரில்தான் இதைக் கற்றார்கள். பெருமைப்படக்கூடிய பள்ளிக்கூடம் அல்ல அது.

இத்தகைய நாளில் முதலில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை என்ற ஒழுங்கு செல்லாது. வாசலிலேயே தரம் பிரிப்பார்கள். உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும் என்பவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடக்கக்கூடியவருக்குப் பச்சை, இறந்தவருக்குக் கறுப்பு. உரத்து அலறுபவருக்கு மூச்சாவது இருக்கிறது. சத்தமின்றிக் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஆனால் தரம் பிரித்த பிறகு மருந்து வேண்டும், குருதி வேண்டும், கூரை வேண்டும். 2009இல் வன்னி வைத்தியர்களிடம் அனுபவத்துக்குக் குறைவில்லை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீதே ஷெல் விழுந்தது. முள்ளிவாய்க்காலில் தற்காலிக இடத்தில், மருந்தில்லாமல் வேலை செய்தார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கம் குண்டு வெடிக்கவில்லை. 2025 மே 11 அதிகாலை, கெரண்டியெல்லவில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காயக்காரரை ஒரே இடத்தில் குவிக்காமல் பல வைத்தியசாலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அதுதான் சரியான முறை. குண்டுவெடிப்பென்றாலும் இதே வீதிகள், இதே கட்டில்கள்தான்.

2016இல் இந்திய உதவியுடன் தொடங்கிய 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசம். அழைத்தால் வரும். ஆனால் மேல் கணக்கு லயனிலிருந்து பிரதான வீதிவரை காயக்காரரை இறக்குவது தோட்டத்து லொறியோ, கம்பளி கட்டிய தடியோதான். குருதி பீறிட்டால் அம்புலன்ஸ் வரும்வரை பொறுக்காது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். துணி நனைந்தால் அதை அகற்றாமல் மேலே இன்னொன்று வைக்கவேண்டும். இதைப் படிக்க ஒரு பிற்பகல் போதும். எங்கள் தோட்டத்து லொறிச் சாரதிக்கு இன்றுவரை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.