மீட்கப்பட்ட ஊரா, ஆள் கிடைத்த ஆலையா? ஹிண்ட்மார்ஷ் ஷயரும் ஓர் அறிக்கையின் வாசிப்பும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து அடிலெய்டு செல்லும் நெடுஞ்சாலையின் நடுவழியில் இருக்கிறது நில் என்னும் சிற்றூர். ஊரகக் குடியேற்றம் பற்றிய ஆய்வுகளில் இவ்வூரைக் குறித்து ஒரு கதை நிலைபெற்றுவிட்டது. ஊர் தேய்ந்துகொண்டிருந்தது, மியான்மரிலிருந்து தப்பித் தாய்லாந்து எல்லை முகாம்களில் காலம் கழித்த கேரன் அகதிகள் 2010 முதல் அங்கே குடியேறினார்கள், ஊர் பிழைத்துக்கொண்டது. ஆட்கள் குறைந்துவரும் மற்ற ஊர்களுக்கும் இதே மருந்தைப் பரிந்துரைப்பது அடுத்த படியாகிவிட்டது. கேரன் மக்களின் குடியேற்றம் வெற்றி பெற்றதை இக்கட்டுரை ஐயுறவில்லை. அது எந்த வகையான வெற்றி, அதன் பலன் யார் கணக்கில் சேர்ந்தது என்பவையே இங்கு எழும் கேள்விகள்.

இந்தக் கதைக்கு அடித்தளம் ஒரே ஆவணம். குடியேற்ற உதவி நிறுவனமான ஏமஸ், டெலாய்ட் அக்சஸ் எகனாமிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ‘ஸ்மால் டவுன்ஸ், பிக் ரிட்டர்ன்ஸ்’ என்ற அறிக்கை அது. ஐந்தாண்டுகளில் கேரன் உழைப்பு வட்டாரப் பொருளாதாரத்துக்கு நிகர மதிப்பில் சுமார் 4.15 கோடி டாலர் சேர்த்தது, முழுநேரக் கணக்கில் 70.5 வேலையிடங்களைக் கூட்டியது என்பவை அதன் புகழ்பெற்ற முடிவுகள். நாளிதழ்கள் முதல் கொள்கைக் குறிப்புகள் வரை இவ்விரு எண்களும் பயணம் செய்திருக்கின்றன. அவை எப்படிப் பிறந்தன என்ற விளக்கம் கூடவே போகவில்லை.

அந்த 4.15 கோடியை யாரும் எந்தப் பேரேட்டிலும் கூட்டிப் பார்க்கவில்லை. பொருளாதார மாதிரி ஒன்றில் இரண்டு உலகங்கள் கணக்கிடப்பட்டன: ஒன்றில் கேரன் தொழிலாளர் இருக்கிறார்கள், மற்றொன்றில் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடே இந்தத் தொகை. அவர்கள் வராத உலகில் அந்த வேலைகள் பெரும்பாலும் ஆளில்லாமலே கிடந்திருக்கும் என்ற அனுமானத்தின் மீதே அது நிற்கிறது. அனுமானம் தவறு என்று சொல்வதற்கில்லை. நில் ஊரைப் பொறுத்தவரை அது நியாயமானதே. அது நியாயமானதாக இருப்பதற்கான காரணம்தான் தேய்ந்த ஊரின் கதையைக் குலைக்கிறது.

ஊரின் பெரிய தனியார் வேலைதருநர், வாத்து இறைச்சி உற்பத்தி செய்யும் லவ்-அ-டக் நிறுவனம். 2009 வாக்கில் அது உற்பத்தியைப் பெருக்க விரும்பியது; ஆட்கள் கிடைக்கவில்லை. உள்ளூரில் வேலையின்மை மிகக் குறைவு. அதனால் நிறுவனம் ஏமஸை நாடியது. மெல்பர்னின் மேற்குப் புறநகரான வெரிபியில் வாழ்ந்த கேரன் குடும்பங்களிடம் ஏமஸ் பேசியது. முதலில் வந்தவர்கள் ஒரு சிலரே. வேலை நிலைத்தது, உறவினர்கள் தொடர்ந்தார்கள். 2014 வாக்கில் ஏறத்தாழ 160 கேரன் மக்கள் ஊரில் இருந்தனர். ஆக, 2009இன் நில் வேலை வற்றிப்போன ஊரன்று. அங்கே ஆலை இருந்தது, சந்தை இருந்தது, விரிவாக்கத் திட்டம் இருந்தது. ஆள் மட்டுமே இல்லை. வேலையே இல்லாத ஊரையும் வேலைக்கு ஆள் இல்லாத ஊரையும் ‘தேய்வு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்கியதுதான் முந்தைய ஆய்வுகளின் அடிப்படைப் பிழை.

அறிக்கையே இதை மறைக்கவில்லை. வெற்றிக்கு வழிசெய்தவை என அது அடுக்குபவை: தொடக்கத்திலேயே கிடைத்த வேலை, குடியிருக்க வீடு, உள்ளூரில் உறுதியான தலைமை, குடும்பங்களுக்குத் தொடர்ந்த ஆதரவு, இருதரப்பும் பண்பாட்டு மாற்றத்தைக் கையாண்ட விதம். ஆலையின் அன்றைய பொது மேலாளர் ஜான் மில்லிங்டனும் அவர் மனைவியும் குடும்பங்கள் வரும் முன்பே ஊராரிடம் பேசி இணக்கம் தேடினார்கள். மேற்கோள் காட்டுவோர் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். நிபந்தனைகள் அச்சிலேயே தங்கிவிடுகின்றன.

எண்ணுக்குள்ளும் சற்று நுழைந்து பார்க்கலாம். 4.15 கோடியை 70.5ஆலும் ஐந்து ஆண்டுகளாலும் வகுத்தால், ஒரு வேலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1.18 லட்சம் டாலர் வருகிறது. இது முரட்டுக் கணக்கு. வேலைகள் படிப்படியாகவே கூடியதால் உண்மையான விகிதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 2014இல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 640.90 டாலர், ஆண்டுக்கு ஏறத்தாழ 33,300. ஆலைத் தொழிலாளர் இதைவிடக் கணிசமாகப் பெற்றார்கள் என்றே கொண்டாலும் இடைவெளி பெரியது. இதில் மோசடி ஏதுமில்லை. வட்டார உற்பத்தி மதிப்பு என்பது ஊதியத்தோடு இலாபத்தையும் வரியையும் பின்விளைவுகளையும் சேர்த்தது. ஆனால் அது ஓர் இடத்தில் விளைந்ததைச் சொல்லுமே தவிர, அங்கே தங்கியதைச் சொல்லாது. ‘ஊருக்கு 4.15 கோடி கிடைத்தது’ என்ற வாக்கியத்தை இந்த அறிக்கையிலிருந்து எவரும் பெற முடியாது.

இனி, ஊரை விட்டு, அது அடங்கிய ஊரக உள்ளாட்சிப் பகுதியான ஷயருக்கு வரவேண்டும். நில், டிம்பூலா, ஜெபரிட், ரெயின்போ என நான்கு ஊர்களைக் கொண்டது ஹிண்ட்மார்ஷ் ஷயர். மாநில அரசு 210 உள்ளாட்சிகளை 78ஆகச் சுருக்கிய காலத்தில், 1995இல், டிம்பூலா, லோவன் ஷயர்களின் இணைப்பில் பிறந்தது. கோதுமை வயல்களும் வறள்காடும் விம்மெரா ஆறு சென்று சேரும் ஏரியுமாக 7,500 சதுர கி.மீ. பரப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5,798 பேர், 2016இல் 5,721, 2021இல் 5,698. குடியேற்றம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் ஷயரின் எண்ணிக்கை இறங்கியே வந்திருக்கிறது. கேரன் மக்கள் வராமல் இருந்தால் இறக்கம் இன்னும் செங்குத்தாக இருந்திருக்கும் என்று வாதிடலாம். உண்மைதான். சரிவைத் தணித்தது என்பது வேறு, திருப்பியது என்பது வேறு.

ஷயரை நிர்வகிக்கும் கவுன்சிலின் வரவு-செலவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஆஸ்திரேலிய உள்ளாட்சியின் சொந்த வருவாயில் முதன்மையானது சொத்துவரி. அது சொத்தின் மதிப்பைப் பார்க்கிறதே அன்றி, உள்ளே எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. பூட்டிக் கிடந்த பழைய வீட்டில் ஆறு பேர் கொண்ட குடும்பம் குடியேறினாலும் வரி அதேதான். புதுவீடு எழுந்தால் மட்டுமே புது வரி. 2016-17 முதல் விக்டோரியா அரசு வரி உயர்வுக்கு உச்சவரம்பு விதித்தது. முதலாண்டில் அது 2.5 சதவீதம். வீட்டு விலைகள் ஏறினாலும் கவுன்சிலின் மொத்த வசூல் அந்த அளவுக்கு ஏறாது; உழவர்க்கும் ஊர்வாசிகளுக்கும் இடையே சுமை சற்று இடம் மாறும், அவ்வளவே. கூட்டரசின் மானியத்தில் மக்கள்தொகை ஒரு காரணி. ஆனால் சாலைக்கான பங்கு தனி. ஆயிரக்கணக்கான கி.மீ. சாலையைச் சில ஆயிரம் பேர் தாங்கும் ஷயரில் 160 பேரின் வருகை இந்தக் கணக்கை அசைக்காது.

இதன் விளைவு வெளிப்படையானது. ஆலைக்கு உற்பத்தி, குடும்பங்களுக்கு ஊதியம், பள்ளிக்குப் பிள்ளைகள், கடைகளுக்கு வாடிக்கையாளர் எனப் பலன் பிரிந்தது. சாலைகளையும் நூலகங்களையும் நீச்சல் குளங்களையும் பராமரிக்கும் அமைப்புக்கோ மிகச் சிறிய பங்கே போயிருக்க முடியும். ஜெபரிட்டுக்கும் ரெயின்போவுக்கும் என்ன சேர்ந்தது என்ற கேள்வியை நில் ஊரை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் எழுப்பவே இல்லை. நெடுஞ்சாலையில் அமைந்த ஊருக்கு ஆலை வாய்த்தது. வடக்கே சில நூறு பேரோடு நிற்கும் ஊர்களுக்கு அது வாய்க்கவில்லை.

மழையும் இங்கே கணக்கில் வரவேண்டும் என்று சிலர் வாதிடக்கூடும்: நீண்ட வறட்சி 2010இல்தான் முடிந்தது, விம்மெரா-மாலி குழாய்வழித் திட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது, எனவே மீட்சிக்குக் காரணம் வேறு என்பது அந்த வாதம். அறிக்கை அளந்தது உழைப்பால் கூடிய பங்கை மட்டுமே என்பதால் அது பொருந்தாது. குடியேற்றத்தைக் குறைத்துப் பேசும் முயற்சி இக்கட்டுரை என்ற குற்றச்சாட்டும் நிற்காது. ஆலையும் கேரன் குடும்பங்களும் ஊராரும் சேர்ந்து செய்ததை உள்ளபடி மதிப்பிட்டால்தான், வேலையும் வீடும் இல்லாத ஊருக்கு அகதிகளை அனுப்பி, பிறகு பழியையும் அவர்கள் மேலேயே போடும் நிலையைத் தவிர்க்க முடியும்.

நில் ஊரில் நடந்தது வேலைக்கும் ஆளுக்கும் இடையே கவனமாக நடத்தப்பட்ட ஒரு பொருத்தம். உள்ளாட்சியின் நிதிநிலையை அது மீட்கவில்லை. மீட்கும் வாய்ப்பும் இன்றைய வரிச்சட்டத்தில் இல்லை. இனி வரும் ஆய்வுகள் ஊரை விடுத்து ஷயரையே அலகாகக் கொள்ளட்டும். உற்பத்தி மதிப்போடு ஊதியத்தையும் சொத்துவரி வசூலையும் சாலைச் செலவையும் ஒரே அட்டவணையில் வைத்துக் காட்டட்டும். அதுவரை 4.15 கோடி என்ற எண்ணை வேறோர் ஊருக்கான வாக்குறுதியாக எவரும் எடுத்தாளக் கூடாது.